மூக்கைத் திருத்த மறுத்தவர்

ஆங்கிலப் படங்களில் நடித்தவர்களின் பெயர்கள் என் அப்பாவின் நினைவில் ஒருபோதும் தங்கியதில்லை. கல்லூரி நாட்களில் மூன்று நான்கு முறை பார்த்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தைப் பற்றிப் பேசும்போதுகூட, கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘சுருட்டுக்காரர்’ ஆகிவிடுவார்; ஈலை வாலக் ‘அந்தப் புலம்பல் ஆசாமி’ ஆகிவிடுவார். மூன்றாமவருக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘கழுகு மூக்கன்’. அந்த மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் சற்றுத் தாழும். “அவன் சாப்பிடுகிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு இரண்டு நாளுக்குத் தட்டின் முன்னால் உட்காரவே ஒரு மாதிரியாக இருந்தது” என்பார்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வறண்ட வெளியில் வெகு தொலைவிலிருந்து ஒரு குதிரைக்காரன் வருகிறான். பண்ணை வீட்டில் இருப்பவர்களுக்கு அவன் எதற்காக வருகிறான் என்பது தெரிந்துவிடுகிறது. மனைவியும் சிறுவனும் ஒதுங்கிக்கொள்ள, கணவன் மட்டும் உணவு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். வந்தவன் வாசற்படியில் சிறிது நேரம் நின்று, பிறகு நிதானமாக நடந்து வந்து எதிரில் அமர்ந்து, அழைப்பு எதுவும் இல்லாமல் தனக்குத் தானே பரிமாறிக்கொண்டு, மரக்கரண்டியால் உண்ணத் தொடங்குகிறான். வீட்டுக்காரனின் முகத்தை விட்டு அவன் பார்வை அகலவே இல்லை. படம் தொடங்கிப் பத்து நிமிடங்கள் கடந்த பிறகுதான் முதல் வசனம் வருகிறது. அதைப் பேசுவதும் வந்தவனல்ல, பயந்து உட்கார்ந்திருப்பவன்தான். மௌனத்தைத் தாங்க முடியாதவன் முதலில் வாயைத் திறக்கிறான். அதற்குள் பார்க்கிற நமக்கும் யாராவது எதையாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று ஆகிவிடுகிறது.

கழுகு மூக்கரின் உண்மைப் பெயர் லீ வான் கிளீஃப். செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிய இயக்குநர் கண்டெடுத்த நடிகர் என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. லியோனேயின் கண்ணில் படும் முன்பே பதின்மூன்று ஆண்டுகள் ஹாலிவுட்டில் அவர் அடியாளாக, கொள்ளைக் கூட்டத்தின் மூன்றாவது ஆளாக, முதல் ரீலில் முறைத்துக் கடைசி ரீலில் சுடப்பட்டு விழுகிறவராக நடித்துத் தள்ளியிருந்தார். அந்தப் பண்ணை வீட்டில் அவர் காட்டும் பொறுமை, அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பிறர் பேச, தாம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் வந்தது என்பது என் எண்ணம். பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது.

அவர் 1925ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் சாமர்வில் என்ற ஊரில் பிறந்தார். குடும்பப் பெயரே காட்டுவதுபோல் டச்சு வம்சாவளி. தந்தை மருந்தாளுநர், தாய் பியானோ வாசிப்பவர். பதினேழு வயதில், 1942இல், பள்ளிப் படிப்பை முடித்ததும் முடிக்காததுமாக அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். கண்ணிவாரிக் கப்பலான ‘இன்க்ரெடிபிள்’ உட்படப் போர்க்காலக் கப்பல்களில் அவருக்குத் தரப்பட்டது சோனார் இயக்குநரின் வேலை. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் காதில் வாங்கி, அடியில் இருப்பது பாறையா, மீன் கூட்டமா, எதிரியின் நீர்மூழ்கியா என்று பிரித்தறிகிற வேலை அது. பேச்சுக்கு அங்கே இடமில்லை. அசையாமல் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தால் போதும். பிற்காலத்தில் அவர் திரையில் செய்ததை எல்லாம் இந்த ஒரு வேலையில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது எளிது, ஆனால் அத்தனையும் உண்மையாக இருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இருந்தாலும் அவர் பிறர் பேசுவதைக் கேட்கும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம், தலையை இலேசாகச் சாய்த்துக்கொண்டு கப்பலின் அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனே என் மனக்கண்ணில் தோன்றுகிறான்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். மாலை நேரங்களில் உள்ளூர் நாடகக் குழுவில் நடித்தார். அங்கிருந்து ‘மிஸ்டர் ராபர்ட்ஸ்’ என்ற, கடற்படைக் கப்பலில் நடக்கும் புகழ்பெற்ற நாடகத்தின் சுற்றுப்பயணக் குழுவில் இடம் கிடைத்தது. அந்த நாடகம் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றபோது பார்த்தவர்களில் ஒருவர் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர். அவர் அப்போது ‘ஹை நூன்’ படத்துக்கு நடிகர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூக்கின் கதை இங்கேதான் வருகிறது. கதாநாயகனான மார்ஷலின் துணை அதிகாரி ஹார்வி பெல் என்ற பாத்திரத்தை வான் கிளீஃபுக்குத் தர கிரேமர் முன்வந்தார்; அது வசனமும் வளர்ச்சியும் உள்ள நல்ல பாத்திரம். ஒரே நிபந்தனை, அறுவை சிகிச்சை செய்து மூக்கைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். கையில் வேறு படமில்லாத, இருபத்தாறு வயதான, கணக்கெழுதி வந்த ஓர் ஆளிடம் இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று யாரும் ஊகிக்கலாம். அவர் முடியாது என்றார். அந்தப் பாத்திரம் லாயிட் பிரிட்ஜஸுக்குப் போயிற்று. வான் கிளீஃபுக்குக் கிடைத்தது ஜாக் கால்பி, வில்லனின் மூன்று கூட்டாளிகளில் ஒருவன். படம் முழுக்க அவனுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

ஆனால் 1952இல் அந்தப் படம் வெளிவந்தபோது திரையில் முதலில் தெரிந்த முகம் கேரி கூப்பருடையதல்ல. தலைப்புப் பாட்டு தொடங்க, மரத்தடியில் தனியாக உட்கார்ந்து புகைத்துக்கொண்டு, தன் கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கும் கால்பியின் முகம்தான் அது. கூட்டாளிகள் வந்து சேர்ந்ததும் மூவரும் ஊருக்குள் நுழைகிறார்கள். பிறகு படத்தின் பெரும்பகுதி முழுவதும் ரயில் நிலையத்தில், நண்பகல் வண்டியில் வரப்போகும் தலைவனுக்காகக் காத்திருக்கிறார்கள். மற்ற இருவரும் முணுமுணுக்கிறார்கள், குடிக்கப் போகலாமா என்று பார்க்கிறார்கள். கால்பி மவுத் ஆர்கன் வாசிக்கிறான். கதாநாயகன் ஊரில் ஒவ்வொரு கதவாகத் தட்டி உதவி கேட்டு அலையும்போது, இயக்குநர் ஃப்ரெட் ஸினமன் அவ்வப்போது நம்மை இந்த ரயில் நிலையத்துக்கு அழைத்துவந்து அந்த வாத்திய ஒலியைக் கேட்க வைக்கிறார். கடைசிச் சண்டையில் குதிரை லாயத்துக்குள் நுழைந்து சுடப்பட்டு விழும்வரை அந்த மனிதன் வாய் திறப்பதில்லை. மூக்கைத் திருத்திக்கொண்டு துணை அதிகாரியாக நடித்திருந்தால், நன்றாக நடித்த பல இளைஞர்களில் ஒருவராக அவரை மறந்திருப்போம்.

அதன் பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வேலையில் வகைக்குத்தான் பஞ்சம். ஐம்பதுகளின் ஹாலிவுட்டில் ஒரு முகம் ஒரு முறை வில்லனாகப் பதிந்துவிட்டால் நடிகர் தேர்வாளர்களின் ஏட்டில் அது அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதே 1952இல் வந்த ‘கேன்சஸ் சிட்டி கான்ஃபிடென்ஷியல்’ படத்தில் வங்கிக் கொள்ளைக்காகச் சேர்க்கப்படும் மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவர் ஜாக் ஈலமும் நெவில் பிராண்டும். ஹாலிவுட்டின் மிக அச்சமூட்டும் மூன்று முகங்களை ஓரிடத்தில் திரட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு முகமூடி மாட்டிவிட்ட கதை அது. இந்த வேடிக்கையை அந்தப் படத்தின் இயக்குநர் உணர்ந்தே செய்தாரா என்று எனக்கு இன்றும் ஆர்வம் உண்டு.

அடுத்த ஆண்டு ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்’ என்ற படத்தில், ரே ஹாரிஹவுசன் உயிர்கொடுத்த தொல்விலங்கை வீழ்த்தக் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவின் உச்சிக்கு ஏறிக் கதிரியக்கக் குண்டைச் சுடும் படைவீரனாக வந்தார். அபூர்வமாக நல்லவர்! ரோஜர் கார்மன் 1956இல் எடுத்த ‘இட் காங்கர்ட் தி வேர்ல்ட்’ படத்தில் வேற்றுக்கோள் ஜந்துவை நம்பி மோசம்போகும் விஞ்ஞானியாக உண்மையிலேயே உருகி நடித்திருக்கிறார். பல் முளைத்த பூசணிக்காய்போல் இருக்கும் அந்த ஜந்துவைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்கே ஒரு நடிகருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இவற்றுக்கு நடுவே தொலைக்காட்சியில் ‘கன்ஸ்மோக்’, ‘தி ரைஃபிள்மேன்’ போன்ற கௌபாய் தொடர்களில் வாராவாரம் யாராவது ஒரு கதாநாயகனிடம் சுடப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அவருக்குத் தரப்பட்ட சில வேடங்கள் இன்று பார்க்கக் கூச்சமூட்டுபவை. ஒடுங்கிய கண்களும் உயர்ந்த கன்ன எலும்பும் இருந்தன என்பதற்காகவே அவரை மெக்சிகராக, ‘தி காங்கரர்’ படத்தில் மங்கோலியராக, சாமுவேல் ஃபுல்லரின் ‘சைனா கேட்’ படத்தில் சீனக் கலப்புள்ள வியட்நாம் படை அதிகாரியாக எல்லாம் ஆக்கினார்கள். கண் இடுங்கியவன் அந்நியன், அந்நியன் கெட்டவன் என்கிற அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கத்தில் அவர் பலியாளும் ஆனார், கருவியும் ஆனார். அவர் திறமையைப் புகழ்கிற அவசரத்தில் இதை மறைப்பது எனக்கு உவப்பானதல்ல.

இந்தக் குவியலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை மூன்று. முதலாவது, ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய 1955ஆம் ஆண்டுப் படம் ‘தி பிக் காம்போ’. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்ட்டன் இருட்டில் கத்தியால் கீறியதுபோல் வெளிச்சத்தை வைத்திருக்கும் அந்தப் படத்தில், கும்பல் தலைவனின் இரண்டு அடியாட்கள் ஃபான்டேயும் மிங்கோவும் பிரிக்க முடியாத இணையாகவே வருகிறார்கள். வான் கிளீஃபும் ஏர்ல் ஹாலிமனும் அவர்களை நண்பர்களுக்கும் மேலானவர்களாக, காதலர்களாகவே நடித்திருக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். பார்த்தால் மறுக்கத் தோன்றாது. தணிக்கை விதிகள் இறுகிப்போயிருந்த காலத்தில் அதை ஒரு சொல்லும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஒளிந்திருக்கும் இடத்துக்குத் தலைவன் கொண்டுவரும் பெட்டி வெடித்து ஃபான்டே இறந்தபின், மிங்கோ அழுகிற அழுகையில்தான் அந்தப் படத்தின் இருதயம் இருக்கிறது. யாருக்காக அழுகிறானோ அவன் இரண்டு கொலைகாரர்களில் ஒருவன்.

இரண்டாவது, ஹென்றி கிங்கின் ‘தி பிராவடோஸ்’. மனைவியைக் கொன்றவர்கள் என்று நம்பி நான்கு பேரைத் துரத்தும் கிரெகரி பெக்கிடம் அகப்பட்டு, தாம் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று கெஞ்சுகிற ஒருவராக வான் கிளீஃப் வருகிறார். அவர் சொல்வது உண்மை என்பது அப்போது பெக்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த முகம் பொய் சொல்லும் முகம் என்று எத்தனையோ படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன அல்லவா, அந்தப் பழக்கத்தையே இந்தக் காட்சி நமக்கு எதிராகத் திருப்புகிறது. பின்னால் உண்மை தெரியவரும்போது, பெக்கின் குற்றத்தில் நமக்கும் பங்கிருப்பது உறைக்கிறது.

மூன்றாவது, பட் பெட்டிக்கர் 1959இல் எடுத்த ‘ரைட் லோன்சம்’. எழுபத்து மூன்றே நிமிடங்கள் ஓடும் இந்தப் படத்தில் வான் கிளீஃபுக்கு மொத்தமாகக் கிடைப்பது சில நிமிடங்களே. ராண்டால்ஃப் ஸ்காட் ஒரு குற்றவாளியைப் பிடித்து, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிச் செல்கிறார். அவனை மீட்க அவன் அண்ணன் ஃபிராங்க் வருவான் என்பதுதான் கணக்கு. ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் இந்த ஃபிராங்க்தான் ஸ்காட்டின் மனைவியைத் தூக்கிலிட்டவன். இதை உணர்ந்த கணத்தில் வான் கிளீஃபின் முகத்தில் வருவது குற்றவுணர்வோ கோபமோ அல்ல, சற்றே வியப்பு. அது ரொம்ப நாளைக்கு முந்திய விஷயம், கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டேன் என்கிறான். ஒருவன் வாழ்க்கை முழுவதையும் அழித்த செயல், அதைச் செய்தவனுக்கு நினைவில்கூட இல்லை. வில்லன் வேடத்தில் உறுமியவர்களையும் கொக்கரித்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வரியைச் சாதாரணமாகச் சொல்லி முதுகெலும்பைச் சில்லிட வைத்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் படம் வந்த சமயத்தில் அவர் வாழ்க்கை கவிழ்ந்தது. ஐம்பதுகளின் இறுதியில் நடந்த கார் விபத்தில் முழங்கால் நொறுங்கியது. இனிக் குதிரை ஏற முடியாது என்றார்கள் மருத்துவர்கள். கௌபாய் படத்து அடியாளுக்கு இது கூத்துக்காரனுக்குக் கால் போனது போன்றது. மீண்டும் ஏறத்தான் செய்தார், என்றாலும் வலி கடைசிவரை போகவில்லை. ஜான் ஃபோர்டின் ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வாலன்ஸ்’ (1962) படத்தில் லீ மார்வினுக்கு அருகில் அடியாளாக நிற்கிறார். வெறிபிடித்த தலைவனைக் கையைப் பிடித்து அடக்குகிற, கொஞ்சம் நிதானமுள்ள அடியாள். அதன் பிறகு வாய்ப்புகள் மெலிந்துகொண்டே வந்தன. அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு ஓவியம் வரைந்து பிழைக்கத் தொடங்கினார்.

1965இல் லியோனே அமெரிக்காவுக்கு வந்தார். ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஐரோப்பாவில் வெற்றி பெற்றிருந்தது. அடுத்த படத்தில் ஈஸ்ட்வுட்டுக்கு இணையாக, அவரைவிட மூத்த ஒருவர் தேவைப்பட்டார். ஹென்றி ஃபோண்டா, லீ மார்வின் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் யோசிக்கப்பட்டு, ஒன்றும் அமையாமல் போயின. ஆனால் லியோனே சிறுவயது முதலே அமெரிக்க கௌபாய் படங்களில் ஊறியவர்; கதாநாயகர்களை மட்டுமல்லாமல் அவர்களுக்குப் பின்னால் நின்ற முகங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். ‘ஹை நூன்’ படத்தின் ரயில் நிலையத்தில் வாய் பேசாமல் காத்திருந்த ஆளை அவர் மறந்திருக்கவில்லை. வான் கிளீஃபைத் தேடிப் பிடித்தபோது, அவருக்குத் தொலைபேசிக் கட்டணம் செலுத்தக்கூட வழியில்லாத நிலை. அந்தப் படத்துக்கு அவருக்குக் கிடைத்தது 17,000 டாலர். கட்டணத்தைச் செலுத்தினார். சரியாக ஓராண்டு கழித்து லியோனே மீண்டும் அழைத்தபோது அவர் வாங்கிய தொகை ஒரு லட்சம் டாலருக்கும் மேல்.

‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தில் வான் கிளீஃப் அறிமுகமாகும் விதத்தைப் பாருங்கள். ஓடும் ரயிலில் ஒருவர் பைபிளை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் அவரைப் பாதிரியார் என்று எண்ணிப் பணிவாகப் பேசுகிறார். பிறகு புத்தகம் கீழே இறங்குகிறது. இறங்கியதும் அந்த மூக்கும் கண்களும். பதின்மூன்று ஆண்டுகளாக ஹாலிவுட் ஓரத்தில் நிறுத்திவைத்த முகத்தை, லியோனே திரை விலக்கிச் சிலையைக் காட்டுவதுபோல் காட்டுகிறார். அடுத்து வரும் முதல் கொலையும் பொறுமையின் பாடம்தான். தேடப்படும் குற்றவாளி கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஓடி வருகிறான். குண்டுகள் எட்டாமல் மண்ணில் விழுகின்றன. கர்னல் மார்ட்டிமராகிய வான் கிளீஃப், தம் நீண்ட குழல் துப்பாக்கிக்குத் தோள்கட்டையைப் பொருத்தி, ஓர் அலுவலகக் குமாஸ்தா கோப்பைத் திறப்பதுபோல் அவசரமின்றிக் குறிபார்த்து, ஒரே முறை சுடுகிறார். ஒரு காலத்தில் கணக்கெழுதியவர் அல்லவா!

அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். ஈஸ்ட்வுட்டைவிட ஐந்தே வயது மூத்தவர். ஆனாலும் படத்தில் ஒருவரை ஒருவர் கிழவர், பையன் என்று அழைத்துக்கொள்வது துளியும் இடிக்கவில்லை. விபத்தும் வறுமையும் அந்த முகத்தில் பத்து ஆண்டுகளைக் கூடுதலாக எழுதியிருந்தன. இந்தக் கர்னல் வில்லனே அல்ல என்பது பாதிப் படத்துக்கு மேல் போன பிறகே நமக்குத் தெளிவாகிறது. இறந்துபோன தங்கைக்காகப் பழிவாங்க வந்தவர் அவர். இறுதியில் துப்பாக்கியை இழந்து நிற்கும்போது, எதிரி தன் சட்டைப்பை இசைக்கடிகாரத்தைத் திறந்து வைக்கிறான். இசை நின்றதும் சுடலாம் என்பது விதி. வான் கிளீஃபுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை, கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர. எனியோ மொரிகோனே அமைத்த அந்தச் சின்னஞ்சிறு மெட்டு மெல்லத் தேய, அதைக் கேட்கும் முகத்தில் ஆத்திரமும் துக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போவதை லியோனே அருகில் சென்று காட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரிந்து, கேட்டல் என்ற ஒரு செயலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நடிகர் இவ்வளவு தூரம் சென்றது மிக அரிது.

லியோனேயின் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு உடனுக்குடன் நடப்பதில்லை. நடிகர்கள் ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம் என்று அவரவர் மொழியில் பேசிக்கொள்வார்கள். குரல்கள் பிறகு சேர்க்கப்படும். ஆகவே கேமராவுக்கு முக்கியம் வாயல்ல, கண். வசனமே இல்லாமல் முதல் படத்தில் தேர்ச்சி பெற்றவருக்கு இது தாய்வீடு.

1966இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ அவரை உலகம் முழுவதற்கும் தெரிந்த வில்லனாக்கியது. முந்தைய படத்தின் கர்னலும் இந்தப் படத்தின் ஏஞ்சல் ஐஸும் ஏறத்தாழ ஒரே கருப்பு உடை, ஒரே நடை. ஆனால் உள்ளே இருப்பவர் வேறு. கர்னலின் பொறுமைக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. ஏஞ்சல் ஐஸின் பொறுமைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. பண்ணை வீட்டுக்காரன் உயிருக்கு விலையாக ஆயிரம் டாலரை எடுத்து வைக்கிறான். ஏஞ்சல் ஐஸோ, கூலி வாங்கினால் வேலையை முடித்தே தீருவேன் என்று சொல்லி அவனைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு, செத்தவன் கொடுத்த கூலிக்கும் விசுவாசமாக, முதலில் தன்னை அனுப்பியவனையும் தலையணையால் மூடிச் சுட்டுவிடுகிறான். தொழில் நேர்மை என்பதை இதற்கு மேல் கேலி செய்ய முடியாது.

அதே படத்தில் அவர் ஒரு பெண்ணை அறைய வேண்டிய காட்சி உண்டு. அதில் நடித்த ராடா ராசிமோவ், உண்மையாகவே அறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியும் அவரால் முடியவில்லை. திரைப்படத்தில்கூடப் பெண்களை அடிப்பதில்லை, நாய்களை உதைப்பதில்லை என்பவை தம் சில கொள்கைகள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இறுதியில் கல்லறைத் தோட்டத்தின் வட்ட மைதானத்தில் மூவரும் துப்பாக்கிக்கு அருகே கைவைத்து நிற்கும் காட்சியில், அவருடைய வலக்கையைத் திரை முழுக்கக் காட்டும்போது, நடுவிரலின் நுனி இல்லாதது தெரியும். நான் அதைப் பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஏதோ துப்பாக்கிச் சண்டையில் போனதுபோல் அந்த இடத்துக்கு அது பொருந்திவிடுகிறது. தம் மகளுக்கு விளையாட்டு வீடு கட்டிக்கொடுக்கும்போது போன விரல் அது.

பிறகு வந்த இத்தாலிய ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம், ஒரு படத்தைத் தவிர. செர்ஜியோ சொலிமாவின் ‘தி பிக் கன்டவுன்’ படத்தில், சிறுமியைக் கொன்றவன் என்று சொல்லப்படும் மெக்சிக ஏழை ஒருவனைத் துரத்துகிற, அரசியல் ஆசையுள்ள வேட்டையாளராக வருகிறார். தாமஸ் மிலியன் நடித்த அந்த ஏழை ஓயாமல் பேசி, தந்திரம் செய்து, தப்பித்துக்கொண்டே இருக்கிறான். துரத்துகிறவருக்கோ, தம்மை ஏவிய செல்வந்தர்களின் கதையில் ஓட்டை இருப்பது மெல்ல மெல்லப் புலப்படுகிறது. ஒரு மனிதன் தன் மனத்தை மாற்றிக்கொள்வதை வான் கிளீஃபின் கண்களில் படிப்படியாகப் பார்க்க முடிகிற படம் இது. ‘டே ஆஃப் ஆங்கர்’, ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ இரண்டிலும் ஓர் இளைஞனோடு சேர்ந்து பயணிக்கும் முதியவர். ‘சபாட்டா’ படங்களை ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை சர்க்கஸ் வேடிக்கையாகவே படுகின்றன. அந்த வரிசையில் ஒரு வினோதம்: நடுவில் வந்த படத்தில் சபாட்டாவாக நடித்தது யூல் பிரின்னர், பிரின்னர் புகழ்பெறச் செய்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ தலைவன் கிறிஸ் வேடத்தை 1972இல் ஏற்றது வான் கிளீஃப். இரண்டு நடிகர்கள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல!

அமெரிக்கா அவரை அந்த அளவுக்கு மீண்டும் அரவணைக்கவில்லை. விதிவிலக்காக, ஜான் கார்பென்டர் 1981இல் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூ யார்க்’ படத்தில் சிறைக்காவல் தலைவர் ஹாக் வேடத்தைத் தந்தார். கர்ட் ரஸ்ஸல் கிட்டத்தட்ட ஈஸ்ட்வுட்டின் கிசுகிசுப்பிலேயே பேசி நடிக்க, எதிரில் வான் கிளீஃபை நிறுத்தியது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. ரஸ்ஸல் நகருக்குள் அலைகிற நேரமெல்லாம் ஹாக் மதிலுக்கு வெளியே வானொலியின் அருகில், செய்தி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். சோனார் அறைக்குத் திரும்பிவிட்டார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். 1984இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் அவரை நிஞ்சா வீரராகவும் ஆக்கினார்கள். பதின்மூன்று பகுதிகளோடு அது நின்றது. 1989 டிசம்பர் 16 அன்று கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் மாரடைப்பால் இறந்தார். ஹாலிவுட் ஹில்ஸில் இருக்கும் கல்லறைப் பலகையில் ‘கெட்டவர்களில் சிறந்தவர்’ என்று பொறித்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவுக்கு ‘ஹை நூன்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். முன்கூட்டி எதையும் சொல்லவில்லை. முதல் காட்சியில் மரத்தடியில் புகைத்துக்கொண்டிருந்த இளைஞனைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அட, நம்ம கழுகு மூக்கன்!” என்றார். அதன் பிறகு கேரி கூப்பர் எத்தனை கதவுகளைத் தட்டினாலும் அவருக்கு அக்கறை இல்லை. ரயில் நிலையம் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருமுறை, “எப்போதான் பேசுவான்?” என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொன்னேன். லாயத்துக்குள் நடந்த சண்டையில் கால்பி விழுந்ததும், படம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போதே, சாப்பாட்டு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.